அப்பாவின் கண்ணாடியில் பூத்த சொல்

அப்பா வேதம் வாசிக்க உட்காரும்போது முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ‘ஹா’ என்று ஊதுவார். இரண்டு வில்லைகளும் வெள்ளையாகப் பூத்துவிடும். வேட்டி முனையை விரலில் சுற்றி உள்பக்கம் ஒரு வட்டம், வெளிப்பக்கம் ஒரு வட்டம் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் வாசிப்பு. ராத்திரி எட்டு மணி குடும்ப ஜெபத்தில் நான் பார்த்து வளர்ந்த காட்சி இது. சின்னப் பையனாக இருந்தபோது, அந்த வெண்மை வந்து மறையும் இரண்டு நொடியைப் பார்ப்பதற்காகவே அவர் எதிரே போய் உட்காருவேன்.

அப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்ய வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். எடுத்துக்கொண்டது பைபிளில் பிரசங்கி என்ற புத்தகம், முதலாம் அதிகாரம், இரண்டாம் வசனம். “மாயை, மாயை, எல்லாம் மாயை என்று பிரசங்கி சொல்லுகிறான்.” அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். இந்த மனிதர் சம்பாதித்தது மாயை, கட்டின வீடு மாயை, பட்ட பாடெல்லாம் மாயை என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்பா 34 வருஷம் ஆரம்பப் பள்ளி வாத்தியார், பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும். அவரிடம் ‘அ’னா ‘ஆ’வன்னா படித்தவர்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் சிலருக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்களைப் பார்த்துக்கொண்டே அந்தப் பிரசங்கத்தைக் கேட்டேன். கோபம் வந்தது. வேதத்தின் மேல் வந்த கோபமா, பேசியவர் மேல் வந்த கோபமா என்று அன்றைக்கு எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் ரொம்ப நாள் பிரசங்கி புத்தகத்தின் பக்கமே போகவில்லை.

என்னை அங்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போனவர் சித்தப்பா. ஓய்வுபெற்ற ஐயர் (திருநெல்வேலிப் பக்கம் பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம்). இறையியல் கல்லூரியில் படித்த எபிரெயத்தை விடாமல் வைத்திருந்தவர். ஊருக்குப் போன ஒரு விடுமுறையில், அடக்க ஆராதனையில் எனக்கு நேர்ந்த மனத்தாங்கலை அவரிடம் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளில் மூன்று எழுத்து எழுதினார். ஹே, பேத், லாமெத்.

“ஏல, இத வாசி பாப்போம்.”

“ஹெவெல்.”

“சத்தமா சொல்லு. உள்ளங்கைய வாய்க்கு முன்னால வச்சுக்கிட்டுச் சொல்லு.”

சொன்னேன். ‘ஹெ’யில் சூடான காற்று கையில் பட்டது. ‘வெ’யில் உதட்டோரம் கொஞ்சம் கசிந்தது. ‘ல்’லில் நின்றுவிட்டது. “அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்” என்றார் சித்தப்பா.

மாயை என்று நான் கேட்டு வளர்ந்த சொல்லின் மூலம் இதுதான். ஹெவெல் என்றால் வாயிலிருந்து வரும் மூச்சு, மூச்சில் இருக்கிற ஈர ஆவி, பூத்து மறையும் பனிமூட்டம் போன்ற ஒன்று. எபிரெய வேதத்தில் 70 தடவைக்குச் சற்று மேல் வருகிறது. அதில் 38 தடவை பிரசங்கி புத்தகத்திலேயே. பன்னிரண்டே அதிகாரம் உள்ள ஒரு சின்னப் புத்தகத்துக்கு இது ரொம்பவே அதிகம்.

அந்த இரண்டாம் வசனத்தை மூலத்தில் வாசித்துக் கேட்க வேண்டும். ஹவேல் ஹவாலிம், அமார் கோஹெலெத், ஹவேல் ஹவாலிம், ஹக்கோல் ஹாவெல். மொத்தம் எட்டுச் சொல். அதில் ஐந்து, ஹெவெலின் வடிவங்கள். ‘அமார்’ என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற ஏழிலும் ‘ஹ’ இருக்கிறது. வசனத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஏழு தடவை மூச்சு வாயை விட்டு வெளியே போய்விடுகிறது. குளிர்காலத்து எருசலேமில் இதை ஒருவர் உரக்க வாசித்தால் சொல்லப்படுகிற பொருள் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

‘ஹவேல் ஹவாலிம்’ என்ற அமைப்பும் கவனிக்க வேண்டியது. எபிரெயத்தில் ஒன்றின் உச்சத்தைச் சொல்ல இப்படித்தான் அடுக்குவார்கள். ‘ஷீர் ஹஷ்ஷிரீம்’, அதாவது பாட்டுகளின் பாட்டு, தமிழ் வேதத்தில் உன்னதப்பாட்டு ஆனது. அதே அமைப்பு இங்கே ‘மாயை, மாயை’ என்று வெறும் இரட்டிப்பாகிவிட்டது. மூச்சுகளிலெல்லாம் மெல்லிய மூச்சு என்பதுதான் அதன் போக்கு.

அன்றைக்குச் சித்தப்பா வரிசையாக வசனங்களைத் திருப்பிக் காட்டினார். எனக்குப் பளிச்சென்று பட்டது சங்கீதம் 62:9. “கீழ்மக்கள் மாயையும், மேன்மக்கள் பொய்யுமாமே; தராசிலே வைக்கப்பட்டால் அவர்களெல்லாரும் மாயையிலும் லேசானவர்கள்.” இந்த வசனத்தைச் சிறுவயதில் மனப்பாடமாகவே சொல்லியிருக்கிறேன். மாயையை எப்படித் தராசில் வைப்பது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இல்லாத ஒன்றுக்கு எடை ஏது? மூச்சு என்று வைத்துப் படித்தால் காட்சி உடனே தெளிகிறது. ஒரு தட்டில் மனிதர்கள், மறுதட்டில் ஒரு ஊதல். மனிதர்கள் இருக்கிற தட்டு மேலே போகிறது.

நீதிமொழிகள் 21:6-இல் இதே சொல்லுக்குத் தமிழ் வேதம் சுவாசம் என்று போட்டிருக்கிறது. பொய்நாவினால் சம்பாதித்த பொருள், சாவைத் தேடுகிறவர்கள் விடுகிற சுவாசம்போல் இருக்குமாம். அதே நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் “அழகும் வீண்” என்று வருகிற இடத்திலும் ஹெவெல்தான். எரேமியா இதை விக்கிரகங்களுக்குச் சொல்கிறார்: அவைகளுக்குள் மூச்சு இல்லை, அவை வெறும் ஊதல். ஆக ஒரே எபிரெயச் சொல் தமிழில் மாயை, வீண், சுவாசம் என்று பிரிந்து கிடக்கிறது. தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்கு இவையெல்லாம் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை.

தெரியாமல் போனதில் எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது ஒன்று உண்டு.

ஆதியாகமம் நான்காம் அதிகாரம். ஏவாள் முதல் பிள்ளையைப் பெறுகிறாள். “கர்த்தரால் ஒரு மனுஷனைப் பெற்றேன்” என்கிறாள். ‘கானீத்தி’, பெற்றேன், சம்பாதித்தேன். அதனால் அவன் காயீன். பெயருக்கு விளக்கம் இருக்கிறது, பெருமிதமும் இருக்கிறது. அடுத்த பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. பின்பு அவன் சகோதரனைப் பெற்றாள் என்பதோடு சரி. அந்தத் தம்பியின் பெயரை நாம் ஆபேல் என்கிறோம். கிரேக்கம் வழியாக வந்த உச்சரிப்பு அது. எபிரெயத்தில் அவன் பெயர் ஹெவெல். அதே மூன்று எழுத்து.

பெயரைக் கேட்ட நிமிஷமே எபிரெய வாசகருக்கு அவன் முடிவு தெரிந்துவிடுகிறது. அண்ணன் பெயர் சம்பாத்தியம், தம்பி பெயர் மூச்சு. அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். ஆபேல் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆடு மேய்க்கிறான், காணிக்கை கொண்டுவருகிறான், வயல்வெளியில் அண்ணன் கையால் செத்துப்போகிறான். இரண்டாம் வசனத்திலிருந்து பதினோராம் வசனத்துக்குள் ‘சகோதரன்’ என்ற சொல் ஏழு தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் அது ஆபேலைத்தான் குறிக்கிறது. அவனுக்கென்று வாய் திறக்கிறது அவனுடைய இரத்தம் மட்டுந்தான். “உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது.” மூச்சு என்று பெயர் வைக்கப்பட்டவனின் மூச்சு நின்ற பிறகுதான் அவன் சத்தம் கேட்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு பிரசங்கிக்குத் திரும்பினால் புத்தகமே வேறாக ஒலிக்கிறது. ‘ஹக்கோல் ஹாவெல்’, எல்லாம் ஹெவெல். எல்லாம் ஆபேல் என்றும் காதில் விழுகிறது. எட்டாம் அதிகாரம் பதினாலாம் வசனத்தில் பிரசங்கி சொல்கிறான்: துன்மார்க்கருக்கு வரவேண்டியது நீதிமான்களுக்கு வருகிறது, நீதிமான்களுக்கு வரவேண்டியது துன்மார்க்கருக்கு வருகிறது, இதுவும் ஹெவெல். இங்கே மாயை என்று படித்தால், அநியாயம் வெறும் தோற்றம், அதைப் பொருட்படுத்தாதே என்று சொல்வதுபோல் ஆகிவிடும். வீண் என்றாலும் ஒட்டவில்லை. காணிக்கை அங்கீகரிக்கப்பட்டவன் வயலில் கிடக்கிறான், கொன்றவன் போய் ஒரு பட்டணத்தைக் கட்டுகிறான். ஆபேலுக்கு நடந்தது இதுதானே? பிரசங்கியின் சொல்லில் நான் கேட்பது அந்தத் துக்கத்தை. பிடித்து நிறுத்திக் காரணம் கேட்க முடியாத ஒன்றின் முன்னால் ஒரு மனிதன் விடுகிற பெருமூச்சு அது.

இன்னொன்றும் இருக்கிறது. “எல்லாம் மாயையும், மனதுக்குச் சஞ்சலமுமாயிருக்கிறது” என்று திரும்பத் திரும்ப வருமே, அதில் ‘மனதுக்குச் சஞ்சலம்’ என்று இருக்கிற இடத்தில் மூலம் ‘ரெஊத் ரூவாஹ்’. ரூவாஹ் என்றால் காற்று. ரெஊத் என்பதை மேய்த்தல் என்ற வேரோடு சேர்த்துப் படிக்கலாம். காற்றை மேய்க்கிற வேலை! ஆடு மேய்த்த ஆபேல் இங்கேயும் எனக்குத் தெரிகிறான். பிரசங்கியை எழுதியவர் இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று யாராவது கேட்டால் சண்டை போடமாட்டேன். ஒரே மொழியில் வாழ்ந்தவருக்கு அந்தச் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கும்.

சரி, மூச்சு எப்படி மாயை ஆனது?

பழங்காலத்தில் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் ‘மத்தாயோத்தேஸ்’ என்று போட்டார்கள். வெறுமை, பயனின்மை என்று அர்த்தம். இரண்டாம் நூற்றாண்டில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த அக்கிலா என்பவரோ ‘அத்மிஸ்’, அதாவது நீராவி, என்று போட்டார். அப்புறம் வேதத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம் வருகிறார். அவர் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ரோமில் பிளெசில்லா என்ற இளம் விதவைக்கு ஜெரோம் பிரசங்கியை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தார். உலகத்தை வெறுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் புத்தகத்தை எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். சின்னதாக ஒரு உரை எழுதித் தாருங்கள் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். அதற்குள் 384-இல் இறந்துபோனாள். நாலைந்து வருஷம் கழித்து பெத்லகேமில் உட்கார்ந்து ஜெரோம் அந்த உரையை எழுதி முடித்தார். அதில் ஹெவெலைப் பற்றி எழுதும்போது, சட்டென்று கரைந்துபோகிற புகையின் ஆவி, மெல்லிய காற்று என்கிற பொருளை அவரே சொல்கிறார். மற்ற மொழிபெயர்ப்புகள் அப்படித்தான் சொல்கின்றன என்றும் குறிக்கிறார். ஆனாலும் லத்தீனில் அவர் வைத்தது ‘வானித்தாஸ் வானித்தாத்தும்’. வெறுமைகளின் வெறுமை. மேற்கத்திய கிறிஸ்தவம் முழுக்க அந்தச் சொல்லைத்தான் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஓதியது. மூச்சு என்று தெரிந்த மனிதர், ஒரு சாவின் துக்கத்தோடு எழுதும்போது ஏன் அதை விட்டார் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தமிழுக்கு வரும்போது இன்னொரு திருப்பம். மாயை நம் மண்ணில் ஏற்கெனவே ஆழமான பொருளோடு இருந்த சொல். அத்வைதத்தில் அது உள்ளதை மறைத்து இல்லாததைக் காட்டுவது. சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தில் ஒன்று, அங்கே அது உலகம் தோன்றக் காரணமான உள்பொருள். பேச்சுவழக்கிலோ “எல்லாம் மாயை” என்றால் எல்லாம் பொய்த்தோற்றம், ஒன்றும் நிஜமில்லை என்றுதான் காதில் விழும். அப்பாவின் அடக்கத்தில் பேசியவர் எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

பிரசங்கி அப்படிச் சொல்லவில்லை. மூச்சு நிஜம். கையில் படுகிறது, கண்ணாடியில் தெரிகிறது. பிடித்து வைக்க முடியவில்லை என்பதுதான் அதன் இயல்பு. யூத ரபிகள் (வேத ஆசிரியர்கள்) இதே சொல்லை எப்படிப் புழங்கினார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். மூடாமல் விட்ட குழியில் மாடோ கழுதையோ விழுந்து செத்தால் குழி வெட்டியவன் ஈடு கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 21-இல் சட்டம் இருக்கிறது. மாடு செத்தது விழுந்த அடியினாலா, குழிக்குள் தேங்கிய கெட்ட காற்றினாலா என்று ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் ராவ், ஷ்முவேல் என்ற இருவர் வாதாடுகிறார்கள். அந்தக் குழிக்காற்றுக்கு அவர்கள் சொல்லும் சொல் ஹெவெல். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கி விஷவாயுவில் செத்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இல்லாத ஒன்று மாட்டைக் கொல்லாது.

புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் (அதில் புத்தகத்தின் பெயரே சபை உரையாளர்) ‘வீண்’ என்று மாற்றியிருக்கிறார்கள். மாயையைவிட அது தேவலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூச்சு வீணா? புதிய ஏற்பாட்டில் யாக்கோபு, அக்கிலாவின் அதே கிரேக்கச் சொல்லால், நம் ஜீவன் “கொஞ்சக்காலந்தோன்றி, பின்பு தோன்றாமற்போகிற புகையைப்போலிருக்கிறதே” என்கிறார். தோன்றுகிறது என்பதையும் சொல்கிறார், போகிறது என்பதையும் சொல்கிறார். அந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஹெவெல்.

ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் பிரசங்கி புத்தகத்தை எப்போது ஜெபஆலயத்தில் வாசிக்கிறார்கள் தெரியுமா? கூடாரப் பண்டிகையின் ஓய்வுநாளில். அந்தப் பண்டிகைக்கு அவர்களுடைய ஜெபப் புத்தகத்தில் ‘நமது மகிழ்ச்சியின் காலம்’ என்று பெயர். இலை தழையால் கூரை வேய்ந்த தற்காலிகக் குடிலில் ஏழு நாள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூரை இடுக்கு வழியே நட்சத்திரம் தெரியும்படி வேய்வது வழக்கம். ஏழு நாளில் பிரிக்கப்போகிற குடிலில் இருந்துகொண்டு, அறுப்பு முடிந்த சந்தோஷத்தில், ‘ஹக்கோல் ஹாவெல்’ என்று வாசிப்பதைக் கேட்கிறார்கள். இதைச் சித்தப்பா சொன்னபோது, எங்கள் ஊரில் இந்தப் புத்தகம் சாவு வீட்டில் மட்டும் திறக்கப்படுவதை நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக அவர் காட்டியது தல்மூதில் ஓய்வுநாள் பற்றிய பகுதியில் வரும் ஒரு வாக்கியம். ரேஷ் லாக்கீஷ் என்ற ரபி, இன்னொருவர் பெயரால் சொன்னது: பள்ளிப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரும் ஹெவெலுக்காகவே உலகம் நிலைநிற்கிறது. அதே ஹெவெல்! பாடம் சொல்லும் பிள்ளைகளின் வாய்மூச்சு. அபாயே என்ற ஆசிரியரிடம் ராவ் பாப்பா கேட்கிறார்: அப்படியானால் என் மூச்சும் உம்முடைய மூச்சும்? அபாயேயின் பதில்: பாவம் கலந்த மூச்சும் பாவம் கலவாத மூச்சும் ஒன்றாகாது. அதே இடத்தில் இன்னொரு விதியும் சொல்லப்படுகிறது. எருசலேம் ஆலயத்தைக் கட்டுவதற்காகக்கூடப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தக்கூடாது.

எனக்கு அப்பாவின் வகுப்பறை ஞாபகம் வந்தது. ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். நாற்பது பிள்ளைகள் ஒரே ராகத்தில் வாய்ப்பாடு சொல்லுவார்கள். ஓரொண்ணு ஒண்ணு, ஈரொண்ணு ரெண்டு. மழைநாளில் ஜன்னலை அடைத்துவிட்டால் அந்த அறைக்குள் பிள்ளைகளின் மூச்சும் ஈரச் சட்டையின் வாசனையும் சேர்ந்து ஒரு கதகதப்பு இருக்கும். அப்பா அதில்தான் 34 வருஷம் நின்றார். அடக்க ஆராதனையில் அதைத்தான் மாயை என்றார்கள். சித்தப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போன மாதம் அப்பாவின் நினைவுநாள். அம்மா காலையிலேயே இட்லிக்கு அடுப்பு மூட்டியிருந்தாள். ஜெபத்துக்கு என்ன வேதபாகம் என்று கேட்டாள். பிரசங்கி என்றேன். முகம் வாடியது. அவளுக்கும் அந்தப் பிரசங்கம் மறக்கவில்லை. ஹெவெலைப் பற்றி நான் விளக்கத் தொடங்கினேன். மூச்சும்மா, ஈரமா ஒரு புகை மாதிரி வரும், நிக்காது, கையில பிடிக்க வராது என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். இட்லிக் கொப்பரை மூடியின் இடுக்கில் வெள்ளையாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

“அதுக்கு ஆவின்னு சொல்ல வேண்டியதுதானய்யா?”

எனக்குப் பேச்சே வரவில்லை. ஆவி! நீர் கொதித்தால் ஆவி, வாய்மூச்சும் ஆவி, உயிரும் ஆவி. ஆவி பிரிந்தது என்கிறோம். ஹெவெலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இன்னொரு மொழியில் கிடைக்குமா தெரியவில்லை. ஆனால் நம் வேதத்தில் அந்தச் சொல் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ரூவாஹுக்கு ஆவி என்று வைத்தாயிற்று, பரிசுத்த ஆவி என்று ஜெபித்தும் பழகியாயிற்று. “ஆவி, ஆவி, எல்லாம் ஆவி” என்று அச்சடித்தால் வாசிக்கிறவர் பரிசுத்த ஆவியை நினைப்பார், அல்லது பேயை நினைப்பார். மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணித்தான் விலகினார்களோ என்னவோ. அவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த அடுப்படியில் பாதி குறைந்தது.

ஒன்பதாம் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தை எடுத்தேன். அதில் ஹெவெல் இரண்டு இடத்தில் வருகிறது. தமிழ் வேதம் ஒன்றை ‘மாயையான’ என்றும் மற்றதை ‘நிலையில்லாத’ என்றும் சொல்கிறது. நான் இரண்டையும் மாற்றி வாசித்தேன். “சூரியனுக்குக் கீழே தேவன் உனக்கு நியமித்திருக்கிற ஆவிபோன்ற நாட்களிலெல்லாம் நீ நேசிக்கிற மனைவியோடே, ஆவிபோன்ற இந்த ஜீவவாழ்வை அநுபவி.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அந்த வசனத்த இன்னொரு தடவ வாசிய்யா” என்றாள்.

வாசித்தேன்.